தனியார் நிலத்து அபராதச் சீட்டு

தனியார் நிலங்களில் கார் நிறுத்தியவர்களுக்கு விதிக்கப்படும் சீட்டுகள் பிரிட்டனில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடிக்கு மேல் வெளியாகின்றன. அவற்றில் ஒன்றைத் தபாலில் பெற்றுப் பிரித்துப் பார்க்கிற சாமானிய மனிதர், அது சர்க்காரிடமிருந்து வந்த உத்தரவு என்றே எண்ணித் திகைத்துப் போகிறார். காரின் நம்பர் பலகை மட்டும் வெளிச்சத்தில் பளபளக்க, சுற்றிலும் இருள் மண்டிய இரண்டு புகைப்படங்கள். உள்ளே நுழைந்த நேரம் ஒன்றின் கீழும், வெளியேறிய நேரம் மற்றொன்றின் கீழும், நிமிஷம் தவறாமல். அனுமதிக்கு மேல் இத்தனை நேரம் தங்கினீர்கள் என்ற வாக்கியம். 100 பவுண்டு செலுத்துக, 14 தினங்களுக்குள் செலுத்தினால் 60 பவுண்டு போதும் என்ற சலுகை. இலண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியேறி வாழும் நம்மவர் எத்தனையோ பேர், ‘எதற்கு வம்பு?’ என்று அன்று மாலையே அந்த 60 பவுண்டைக் கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டியது நியாயமென்றால் கட்டத்தான் வேண்டும். நியாயமா என்று பாராமலே கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் தெளிய வேண்டியது, இது அரசாங்க தண்டனை அன்று என்பது. போலீஸாரோ நகரசபையோ பொதுத் தெருவில் விதிக்கும் அபராதத்துக்குச் சட்டத்தின் அதிகாரம் நேராக உண்டு. சூப்பர் மார்க்கெட்டின் முற்றத்திலோ, ஆஸ்பத்திரி வளாகத்திலோ தனியார் கம்பெனி விதிக்கும் தொகையோ ஒப்பந்தத்தின் பேரில் கேட்கப்படும் பணமே ஆகும். கம்பத்தில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை கம்பெனி முன்வைக்கும் நிபந்தனை. அதைக் கண்டும் காரை நிறுத்தியது நீங்கள் அளித்த சம்மதம். சம்மதித்ததை மீறினீர்கள், ஆகையால் பணம் தருக என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். ஆகவே பலகை இல்லையென்றாலும், இருந்தும் படிக்க முடியாத உயரத்தில், பொடி எழுத்தில், விளக்கில்லாமல் இருந்தாலும், வாதத்தின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டுவிடுகிறது.

இது வெறும் தர்க்கம் அல்ல. நியாயஸ்தலம் ஏற்ற கொள்கை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு வழியில் உடல் நலம் குன்றவே, கிழக்கு இலண்டனில் ஒரு தனியார் இடத்தில் காரை அவசரமாக நிறுத்திவிட்டு இறங்கி வாந்தி எடுத்தார். மூன்று நான்கு நிமிஷங்களில் அவர் திரும்பி வருவதற்குள், சக்கரத்தில் இரும்புப் பூட்டு மாட்டப்பட்டிருந்தது. எச்சரிக்கைப் பலகையை அங்கே நின்ற ஒரு பெரிய வண்டி மறைத்திருந்தது. பூட்டை விடுவிக்கப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்த அவருக்கு, 2000-ஆம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு வெற்றி அளித்தது. பலகையைக் காணாதவர் அதன் நிபந்தனைக்கு உடன்பட்டவராகக் கொள்ளப்பட மாட்டார் என்பதே அதன் முடிவு.

அந்தச் சக்கரப் பூட்டு அக்காலத்தில் இங்கிலாந்தில் தாராளமாகப் பிரயோகிக்கப்பட்டு வந்தது. ஸ்காட்லாந்திலோ 1992-லேயே உயர் நீதிமன்றம் அதை மிரட்டிப் பணம் பறித்தல் என்றும் திருட்டு என்றும் கண்டித்துவிட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தால்தான் விடுதலை பெற்றன. ஆனால் பூட்டைப் பறித்த அதே சட்டம், நஷ்டஈடு போல, கம்பெனிகளுக்கு வேறொரு பாத்தியதையைக் கொடுத்தது: ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும், பதிவேட்டில் பெயருள்ள உடமையாளரிடமே பணம் கேட்கலாம். அந்தப் பெயரையும் விலாசத்தையும் வாகனப் பதிவு இலாகாவே, ஒரு வண்டிக்கு இரண்டரை பவுண்டு கட்டணம் பெற்றுக்கொண்டு, கம்பெனிக்கு வழங்கிவிடுகிறது.

இந்தப் பாத்தியதைக்குச் சட்டம் கண்டிப்பான நிபந்தனைகள் விதித்திருக்கிறது. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பும் கம்பெனி, நிறுத்திய மறுநாளிலிருந்து 14 தினங்களுக்குள் கடிதத்தைச் சேர்ப்பித்திருக்க வேண்டும். 1-ஆம் தேதி நிறுத்திய காருக்கு 15-ஆம் தேதிக்குள் கடிதம் வரவில்லையென்றால், உடமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைப் பிடிக்க முடியாது. ரயில்வே நிலையம், விமான நிலையம் போலத் தனி விதிகளுக்கு உட்பட்ட நிலங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆகவே ஆட்சேபம் எழுதுகிறவர் உடமையாளர் என்ற முறையிலேயே எழுதுவது நலம். அன்று ஓட்டியவர் யார் என்று சொல்லச் சட்டம் இவ்விடத்தில் அவரை நிர்ப்பந்திக்கவில்லை. பொய் சொல்வது வேறு, சொல்லாமலிருப்பது வேறு.

‘கம்பெனிக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்டு மட்டும் இன்று தப்பிவிட முடியாது. செம்ஸ்போர்டு நகரின் ஒரு கடை வளாகத்தில், இலவசமாக அனுமதித்த இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிஷங்கள் தங்கிய ஒருவரிடம் 85 பவுண்டு கேட்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போராடினார். 2015 நவம்பரில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், இடம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமென்பது கம்பெனியின் நியாயமான நோக்கம் என்றும், தொகை அளவு மீறியதன்று என்றும் தீர்ப்பளித்தார்கள். ஆயினும் அந்த வளாகத்தில் பெரிய எழுத்துகளில், தெளிவாக, சுமார் இருபது பலகைகள் இருந்தன என்பதையும் அதே தீர்ப்பு எடுத்துரைக்கிறது. அத்தகைய பலகைகள் இல்லாத இடத்துக்கு அத்தீர்ப்பை அப்படியே கொண்டுவந்து பொருத்துவதற்கில்லை.

ஆட்சேபத்துக்கு உரிய காரணங்கள் பல. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வந்து போன காரை, இடையிலுள்ள இரு படங்களைத் தவறவிட்ட கேமரா, நாள் முழுதும் நின்றதாகக் காட்டுவதுண்டு. இக்கம்பெனிகள் அமைத்துக்கொண்டுள்ள இரு சங்கங்களின் விதிப்படி, நேரம் முடிந்த பின் குறைந்தது பத்து நிமிஷம் சலுகை உண்டு. மெஷினில் நம்பரைத் தட்டும்போது ஓர் எழுத்து மாறிவிட்ட சிறு பிழைக்குச் சீட்டை ரத்து செய்ய வேண்டும். நடக்க இயலாதவர்கள் விஷயத்தில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் துணை நிற்கும். இவற்றுக்கெல்லாம் சாட்சியம் வேண்டும்: கடை ரசீது, பணம் கட்டிய சீட்டு, நின்ற இடத்திலிருந்து பலகை எப்படித் தெரிகிறது என்பதற்குப் புகைப்படம்.

எழுதும் முறை எளிதே. முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். 14 தினங்களுக்குள் எழுதினால், நிராகரிக்கப்பட்டாலும் குறைந்த தொகையைச் செலுத்த மறுபடி அவகாசம் கிடைக்கும். கூடவே அந்தக் கடையின் மானேஜருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத அவர் ஒரு வார்த்தை சொன்னால் பல சீட்டுகள் அங்கேயே மடிந்துவிடும். கம்பெனி மறுத்தால், அது எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து, பாப்லா என்ற அமைப்புக்கோ, இன்டிபெண்டன்ட் அப்பீல்ஸ் சர்வீஸ் என்ற மற்றோர் அமைப்புக்கோ மேல்முறையீடு செய்யலாம். பாப்லாவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே நீங்கள் வென்றால் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். தோற்றால் உங்களைக் கட்டுப்படுத்தாது.

பிறகு வருபவை கடன் வசூல் ஏஜென்டுகளின் கடிதங்கள். 70 பவுண்டு கூட்டிக் கேட்பார்கள். சிவப்பு எழுத்தில் எழுதுவார்கள். ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாமல் ஒரு நாற்காலியைக்கூட எடுத்துச் செல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. கௌண்டி கோர்ட்டிலிருந்து வரும் காகிதமோ முற்றிலும் வேறு. அதற்கு 14 தினங்களுக்குள் பதில் தர வேண்டும்; காகிதம் கிடைத்ததை ஒப்புக்கொண்டு எழுதினால் 28 தினங்கள். வாளாவிருந்தால் ஒருதலைத் தீர்ப்பாகி, ஒரு மாதத்துக்குள் பணம் செலுத்தாவிடில் ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நின்று, வீட்டுக்கடன் கேட்கப் போகும் இடத்திலெல்லாம் வழிமறிக்கும். பயந்து கட்டுகிறவருக்கு அறுபது பவுண்டு நஷ்டம்; கடிதங்களை ஒன்றுவிடாமல் குப்பையில் போடுகிறவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம்.

இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தப் பார்லிமெண்டு 2019-லேயே தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி 2022 பிப்ரவரியில் சர்க்கார் வெளியிட்ட நடைமுறை விதிகள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனதும் நான்கே மாதங்களில் வாபஸாயின. 2024-இல் இரு சங்கங்களும் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித் தொகுப்பை வகுத்துக்கொண்டன. பணம் வசூலிப்பவரே வசூலின் எல்லையையும் வரைவது தர்மமாகாது. சர்க்காரின் விதிகளே அமுலுக்கு வர வேண்டும்.

அதுவரை, அந்நாட்டில் மகனோ மகளோ சகோதரரோ இருக்கப்பெற்ற வாசகர்கள் அடுத்த முறை அவர்களோடு பேசும்போது இதைச் சொல்லி வையுங்கள்: கடிதம் வந்தால், உறையோடு அதைப் பத்திரப்படுத்தி, வந்த தேதியை அதன்மேல் குறித்து, அந்தப் பலகையைப் போய்ப் பார்த்துப் படமெடுத்து, 14 தினங்கள் கழிவதற்குள் எழுத்து மூலம் பதில் கேட்கட்டும்.