ஈரத்தின் மேல் ஒட்டிய படலம்

சாங்கி வானிலை நிலையத்தின் 1991–2020 சராசரிப்படி, சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை நாள்கள் மட்டும் 171. கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நீர்க்காப்புப் படலம் போட வருபவர்களுக்கு முதல் சிக்கல் இதுதான்: தளம் காய நாள் கிடைப்பதில்லை.

கான்கிரீட் மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பாலியூரித்தேன் பூசிவிட்டால், வெயிலில் ஈரம் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். கார் சக்கரம் அந்த இடத்தில் திரும்பும்போது கிழியும். பழி பெரும்பாலும் பூசிய பொருள்மேல் விழுகிறது. குறை பூசிய நேரத்தில் இருக்கிறது.

நடுத்தளத்தைவிட ஓரங்களே அதிகம் ஒழுகும். சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக நிரப்பாமல் படலமாக ஒட்டும் தார் விரிப்பை மடித்தால், அடியில் வெற்றிடம் விழும். விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சுமார் 10 சென்டிமீட்டர் ஏற வேண்டும்; நெருப்புக் காட்டும்போது தார் உருகி ஓரத்தில் பிதுங்கினால்தான் ஒட்டியதாக அர்த்தம். குழாய் துளைத்து வரும் இடம், வடிகால் வாய், விரிவு இணைப்பு ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். தளம் முழுக்க ஒட்டாத படலத்தில் ஓர் ஓட்டை விழுந்தாலும், நீர் அடியிலேயே ஓடி எங்கோ சொட்டும். மூலத்தைத் தேடியே பணம் கரையும்.

கனடாவின் எலியட் லேக் நகரில், 1980இல் திறந்த அல்கோ சென்டர் மாலின் கூரையே கார் நிறுத்துமிடம். தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு கலந்த நீர் எஃகு இணைப்பை அரித்தது. 2012 ஜூன் 23 அன்று தளம் இடிந்து இருவர் இறந்தனர். சாங்கியில் பனி உப்பு இல்லை, கடற்காற்றின் உப்பு உண்டு.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் 1986இல் நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டனர். காரணம் நீரல்ல, வடிவமைப்புப் பிழை. அதன்பிறகு வந்த சட்டப்படி வீடல்லாத கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனை கட்டாயம். ஆனால் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்த பிறகு கண்ணில் படுவது தாமதம்தான். படலத்தைக் காரையால் மூடுவதற்கு முன்பே, 24 மணிநேரம் நீர் தேக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளையும் தளம் காயும் நாள்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, அவற்றுக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.