உங்களுக்குத் தெரியுமா? காற்றையும் பேங்கில் போடலாம்!

நரிக்குடி டீக்கடை ஃபேனுக்கும் டெல்லி வீட்டு ஃபேனுக்கும் கரண்ட் துடிப்பு ஒன்றேதான்! நொடிக்கு 50! 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் போட்டு நம் தென்னாட்டை வடக்கோடு முடிச்சுப் போட்டார்கள். அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே தாளம்!

அந்த முடிச்சு இல்லாததால்தான் 2012 ஜூலை 31-ல் தப்பித்தோம்! வடக்கிலும் கிழக்கிலும் 60 கோடிப் பேர் வாழும் பகுதி ஒரே நாளில் இருண்டது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை! (தினம் தினம் பவர்கட் இருந்ததே என்கிறீர்களா? அது வேறு கதை!)

சரி, காற்றுக்கு வருவோம்! காற்று இரண்டு மடங்கு வேகமாக அடித்தால், அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கா? இல்லை. 8 மடங்கு!

1986-ல் நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் நட்ட காத்தாடிகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரே காத்தாடி 3 மெகாவாட். அந்தக் காலத்துக் காத்தாடிகளில் 55-ஐ வரிசையாக நிறுத்தினால்தான் இதற்கு ஈடு!

2022 ஜூலை 9. தமிழ்நாட்டுக் காத்தாடிகள் ஒரே நாளில் கொட்டியது 12 கோடி யூனிட்! ஆடிக்காற்று என்று நினைத்தீர்களா? ஆடி பிறக்கவே இன்னும் ஒரு வாரம் இருந்தது!

இவ்வளவையும் எங்கே வைப்பது? கொஞ்சத்தை மலை மேலே! ஆனைமலை கடம்பாறையில், மிச்சக் கரண்டை வைத்துக் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். கரண்ட் தேவைப்படும்போது திறந்துவிட்டால் 400 மெகாவாட்!

இனிதான் நம்ம பேங்க் கதை! ஸ்பின்னிங் மில்காரர்கள் பலருக்குச் சொந்தக் காத்தாடி உண்டு. பழைய காத்தாடி என்றால், ஆனி, ஆடியில் அது ஓடிச் சேர்த்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைப்பார்கள். காற்று குறைந்த தை மாதத்தில் எடுத்து மில்லை ஓட்டுவார்கள்! பெயரே 'பேங்கிங்'! வட்டி? அதுதான் தலைகீழ். போட்டு வைத்தவர்தான் கொடுக்க வேண்டும். அதையும் பணமாக அல்ல, யூனிட்டாகவே கழித்துக்கொள்வார்கள்!

நாளைக்குக் காற்றில் எவ்வளவு கரண்ட் வரும் என்று காத்தாடிக்காரர்கள் முன்கூட்டியே கணக்குச் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு தடவையா? கால் மணிக்கு ஒரு கணக்கு! ஒரு நாளைக்கு 96!

காற்று மட்டுமா? வெயிலும்தான்! நரிக்குடிக்காரர்களே, பக்கத்துக் கமுதிக்குப் போயிருக்கிறீர்களா? கருவேலம் மண்டிய பூமியில் 2016-ல் 25 லட்சம் சோலார் பலகைகள்! 648 மெகாவாட்! கட்டி முடிக்க எத்தனை வருஷம்? வருஷமா! 8 மாதம்!

புகளூரிலிருந்து சத்தீஸ்கர் ராய்கர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு லைன் போகிறது. அங்கிருந்து கரண்ட் இங்கே வரும். காற்று பொங்கும் காலத்தில் நம் கரண்டை அங்கே அனுப்பவும் அதே லைன்தான்! உங்கள் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். அந்தக் கம்பியில்?

8 லட்சம்!