மிர்ட்டில்ஸ் மாளிகை: பேய்க்கு ஒரு பெயர் இருக்கு, மத்தவங்களுக்கு?

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துல செயிண்ட் ஃபிரான்சிஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற மிர்ட்டில்ஸ் ஒரு பழைய பருத்தித் தோட்ட மாளிகை. இப்போது தங்கும் விடுதி. பேயைப் பார்த்துவிட மாட்டோமா என்றே காசு கொடுத்து வந்து தங்குகிறவர்கள் உண்டு.

அங்கே உள்ள பேய்களில் பிரபலமானது க்ளோயி. கதை இதுதான். 1820களில் வீட்டு எஜமான் கிளார்க் உட்ரஃப், அடிமைப்பெண் க்ளோயியைத் தன் ஆசைக்கு வைத்துக்கொண்டான். அவள் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டாள் என்று ஒரு காதை அறுத்துவிட்டான். அதை மறைக்க அவள் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொண்டாள். குழந்தைகளுக்கு லேசாக நோய் வரவைத்து, பிறகு தானே பார்த்துக் குணமாக்கினால் நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்து, பிறந்தநாள் கேக்கில் அரளி இலையைச் சேர்த்தாள். விஷம் கூடிப்போய், எஜமானியும் இரண்டு பெண் குழந்தைகளும் செத்தார்கள். பயந்துபோன மற்ற அடிமைகள் க்ளோயியைத் தூக்கில் தொங்கவிட்டு ஆற்றில் வீசினார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பழைய பதிவுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

உட்ரஃபின் மனைவி சாரா இறந்தது 1823ல். இரண்டு குழந்தைகள் இறந்தது 1824ல். ஆக, ஒரே கேக்கில் மூன்று பேரும் சாக வழியே இல்லை. இறந்த குழந்தைகளில் ஒன்று பையன், பெயர் ஜேம்ஸ். இன்னொரு மகள் மேரி ஆக்டேவியா பிழைத்து வளர்ந்தாள். மரணங்களுக்குச் சொல்லப்படும் காரணம் மஞ்சள் காய்ச்சல். உட்ரஃப் குடும்பத்தின் அடிமைகள் பற்றிய பதிவுகளில் தேடியவர்களுக்கு க்ளோயி என்ற பெயரே கிடைக்கவில்லை.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி கொசு. நம்ம ஊரில் டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். இது 1900ல் கியூபாவில் வால்டர் ரீட் குழு செய்த சோதனைகளில்தான் உறுதியானது. அதற்கு முன்னால் வெயில் காலம் வந்தாலே ஒரு வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழும், ஏன் என்று யாருக்கும் புரியாது. காரணம் தெரியாத சாவுக்குப் பிற்காலத்தில் யாராவது ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

இங்கே பிடிபட்ட குற்றவாளி யார் என்று பாருங்கள். கதைப்படி கொன்றவள் ஓர் அடிமைப்பெண். அவளைத் தூக்கில் போட்டவர்களும் அடிமைகள். எஜமான் செய்த வன்கொடுமை கள்ளக்காதல் மாதிரி சுருங்கிவிடுகிறது. காதை அறுத்தவன் கடைசியில் மனைவி மக்களைப் பறிகொடுத்த பாவப்பட்ட தகப்பனாக நிற்கிறான்! தோட்டத்தை நடத்திய அடிமை முறைக்குக் கதையில் ஒரு பழியும் இல்லை.

இந்த மாதிரிப் பேய்ச் சுற்றுலாக்களைப் பற்றி வரலாற்றாசிரியர் தியா மைல்ஸ் 2015ல் ஒரு புத்தகமே எழுதினார். சவான்னா நகரிலும் நியூ ஆர்லியன்ஸிலும் உள்ள வீடுகளோடு மிர்ட்டில்ஸும் அதில் வருகிறது. அடிமைகள் பட்ட பாடு எப்படிப் பொழுதுபோக்காக விற்கப்படுகிறது என்பதுதான் அவருடைய கவலை.

'சரி, க்ளோயி கற்பனைன்னே வச்சுக்குவோம், அடிமைகளைப் பத்தி ஜனங்க பேசவாவது செய்றாங்களே?' என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் நிஜமாகவே உழைத்தவர்கள் யார்? 1850லும் 1860லும் அமெரிக்க அரசு எடுத்த கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, தோலின் நிறம் என்று வரிசை வரிசையாகப் போகும். அடிமையின் பெயருக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. பெயர் வேண்டுமென்றால் எஜமான் செத்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் தேட வேண்டும். அங்கே மாடு, மேசை, நாற்காலியோடு சேர்த்து ஆளின் பெயரும், எதிரே விலையும் இருக்கும்.

க்ளோயியின் பச்சைத் தலைப்பாகை வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறோம். அந்தத் தோட்டத்தில் பருத்தி எடுத்த ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியுமா?