அண்டை வீட்டாரும் அறக்கொடையும்

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்தது இருக்கன்குடி. இக்கரிசல் வட்டாரத்தில் வானம் பொய்த்தால் உழவும் பொய்க்கும். பட்டாசுத் தொழிலே பலருக்கும் கைகொடுக்கிறது. அதன் ஆபத்தையும் நாம் அறிவோம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விபத்து நேர்ந்த வாரத்தில் உதவிகள் குவியும். தீக்காயம் ஆறவோ மாதங்களாகும். குடும்பம் பட்ட கடன் தீர ஆண்டுகளாகும். அறக்கொடையின் மெய்யான பணி அப்போதுதான் தொடங்குகிறது.

இஸ்லாம் இதற்கு வழி வகுத்துள்ளது. ஜகாத் பெறத் தகுதியுடையோரென அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறும் 8 வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர். வக்ஃபு என்பது முதல் குறையாமல் பயன் தொடரும் கொடை. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கிய உஸ்மான் (ரலி) அவர்கள், அதனைப் பொதுவாக்கினார்கள். ஒரே கிணற்றில் நீர் மொள்வோர் ஒருவரையொருவர் அறிவர்; ஒருவர் வராத நாளில் அவர் நோயுற்றாரோ என வினவுவர். உடல்நலமும் உறவும் அங்கே ஒன்றாகின்றன.

அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே கூறுகிறது. ஜகாத்திற்கு மார்க்கச் சட்டம் வரையறை வகுத்துள்ளது. ஸதகாவோ சமயம் கடந்து சென்றடையக் கூடியது. ஆடி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருவோரின் தாகமும், தீயில் வெந்த தொழிலாளியின் வேதனையும் நம் அண்டை வீட்டாருடையவையே.

எனவே நம் ஜமாஅத்துகள் ரமளானில் பகிர்ந்தளிப்பதோடு நின்றுவிடாமல், தொடர் மருத்துவத்திற்கும் கடன் மீட்சிக்கும் நிலையான நிதியங்களை ஏற்படுத்துதல் வேண்டும்.