அமீரகத்தில் வங்கிக் கணக்கு: நம்மவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளாத விடயங்கள்

மத்தியகிழக்குக்குத் தொழிலுக்காக வரும் நமது சகோதரர்கள் வீசா, டிக்கட், மருத்துவப் பரிசோதனை என்று ஒவ்வொன்றையும் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆனால், உழைக்கும் காசு எந்தக் கணக்கில் விழும், அந்தக் கணக்கு என்ன நிபந்தனையில் இயங்கும் என்று கேட்டுவிட்டு வருபவர்கள் மிகக் குறைவு. நான் ஷார்ஜாவில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். புதிதாக வருபவர்களின் வங்கிப் படிவங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அங்கே கண்டவற்றைத்தான் இங்கு எழுதுகிறேன். கட்டார், சவூதி விதிகள் வேறு. இது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மட்டும் உரியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமீரகத்தில் 2009ஆம் ஆண்டு முதல் சம்பளப் பாதுகாப்பு முறைமை நடைமுறையில் இருக்கிறது. கம்பனிகள் சம்பளத்தை வங்கி அல்லது அனுமதி பெற்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் ஊடாகவே கொடுக்க வேண்டும். குறைந்த சம்பளத்தில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சம்பள அட்டையைத்தான் கம்பனி கையில் கொடுக்கும். அதை ஏ.டி.எம் இயந்திரத்தில் போட்டால் காசு வருவதால், "எனக்கு பேங்க் எக்கவுண்ட் இருக்கு" என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது முழுமையான வங்கிக் கணக்கு அல்ல. கம்பனி மாறினால் பெரும்பாலும் அந்த அட்டையின் கதையும் முடிந்துவிடும். கணக்கு என்றால் உங்கள் பெயரில் 'ஏ.ஈ' என்று தொடங்கும் 23 இலக்க 'ஐபான்' எண் ஒன்று இருக்க வேண்டும். அட்டை கெட்டதல்ல. மாதா மாதம் முழுச் சம்பளத்தையும் ஊருக்கு அனுப்புபவருக்கு அதுவே போதும். இங்கேயே கொஞ்சம் சேமிக்க நினைப்பவருக்குத்தான் கணக்கு அவசியம்.

கணக்குத் திறக்க எமிரேட்ஸ் ஐடி, கடவுச்சீட்டு, கம்பனியின் சம்பளச் சான்றிதழ், உங்கள் சொந்தப் பெயரில் பதிவான கைத்தொலைபேசி இலக்கம் ஆகியவை தேவை. விசிட் வீசாவில் வந்தவருக்குச் சாதாரண சம்பளக் கணக்கு கிடைக்காது. அப்படித் திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். எந்த நாட்டில் வரிக்குட்பட்டவர் என்று கேட்கும் படிவம் ஒன்றும் வரும். அதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். வங்கிகள் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது, உள்ளதை உள்ளபடி எழுதினால் சரி.

அதிகம் கவனிக்க வேண்டியது பெயர். நம்மவர்களின் பெயர் நீளமானது. கடவுச்சீட்டில் நான்கு பெயர்களும் முழுமையாக இருக்கும், ஊர் வங்கிப் புத்தகத்தில் மூன்று இனிஷியலும் கடைசிப் பெயரும் மட்டும் இருக்கும். முஹம்மத் என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல்! தேசிய அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று, திருமணச் சான்றிதழில் மற்றொன்று. காசு அனுப்பும்போது வங்கிகளின் கணினி இந்தப் பெயர்களைத் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நமது பெயர்கள் உலகெங்கும் பொதுவாக வழங்குபவை என்பதால், சில நேரம் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் காசு நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்படுகிறது. இது மனதுக்குக் கஷ்டமான விடயம்தான். கோபப்பட்டுப் பயனில்லை, பிறந்த திகதியும் கடவுச்சீட்டுப் பிரதியும் கொடுத்தால் பெரும்பாலும் விடுவித்துவிடுவார்கள். ஊருக்கு அனுப்பும்போது பெறுபவரின் பெயரை அவரது வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். இலங்கையில் ஐபான் எண் கிடையாது. கணக்கிலக்கம், கிளை, ஸ்விஃப்ட் குறியீடு ஆகியவையே தேவை.

எந்த வங்கி? இந்தக் கேள்வி நம்மவர்களிடம் "ஹலாலான வங்கி எது?" என்றே வருகிறது. அமீரகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. டுபாய் இஸ்லாமிய வங்கி 1975இல் தொடங்கப்பட்டது, அபூதாபி இஸ்லாமிய வங்கி 1997இல். ஷார்ஜா தேசிய வங்கி என்று இருந்தது 2002இல் முழுமையாக இஸ்லாமிய வங்கியாக மாறியது. இவற்றில் நடைமுறைக் கணக்கு பொதுவாகக் கர்ழ் அடிப்படையில் இயங்கும், இலாபம் எதுவும் வராது. சேமிப்புக் கணக்கு முழாரபா அடிப்படையிலானது, இலாபத்தில் பங்கு வரும். கம்பனி வழமையான வங்கியில்தான் கணக்குத் திறந்து தருகிறது என்றால், சேமிப்புக் கணக்குக்குப் பதில் வட்டியில்லாத நடைமுறைக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். சம்பளம் விழுந்ததும் விருப்பமான வங்கிக்கு மாற்றிக்கொள்ளவும் தடையில்லை.

ஆனால், இஸ்லாமிய வங்கி என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கட்டண விபரத்தை வாசிக்காமல் கையொப்பமிடுவது சரியல்ல என்பது எனது கருத்து. குறைந்தபட்ச மீதி விதி அங்கும் உண்டு. பல வங்கிகள் 3,000 திர்ஹம் கணக்கில் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. குறைந்தால் மாதம் 25 திர்ஹமும் அதற்கு 5 சதவீத வற் வரியும் வெட்டப்படும். 1,800 திர்ஹம் சம்பளக்காரருக்கு வருடத்தில் 315 திர்ஹம் என்பது சிறிய தொகையா? சம்பளம் வந்து விழும் கணக்குகளுக்கு இந்த விதியைத் தளர்த்தும் வங்கிகள் இருக்கின்றன, லிவ், மஷ்ரெக் நியோ போன்று கைத்தொலைபேசியிலேயே திறக்கும் கணக்குகளும் இருக்கின்றன. கையொப்பமிட முன் "சம்பளம் நின்றால் இந்தக் கணக்குக்கு என்ன கட்டணம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேலை போன மாதத்தில்தான் அந்தக் கட்டணம் உறைக்கும்.

கணக்குத் திறந்த சில மாதங்களில் கடனட்டையும் கடனும் தேடி வரும். தொலைபேசியில் பேசுபவர் தமிழிலோ மலையாளத்திலோ மிக அன்பாகப் பேசுவார். மத்திய வங்கி விதிப்படி தனிநபர் கடன் மாதச் சம்பளத்தின் 20 மடங்குக்கு மேலும், 48 மாதங்களுக்கு மேலும் போகக் கூடாது. 20 மடங்கு என்பதே ஒரு மனிதனை நான்கு வருடங்கள் கட்டிப்போடப் போதுமானது. வேலை முடிந்து இறுதிக் கொடுப்பனவு கணக்கில் விழும்போது, கடன் பாக்கி இருந்தால் வங்கி அதை அப்படியே தடுத்து வைத்துக்கொள்ளலாம். ஊரில் வீடு கட்டலாம் என்று எண்ணியிருந்த கிரஜுவிட்டி காசு அப்படி நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

இதைவிடப் பயங்கரமானது ஒன்று இருக்கிறது. "உங்க எக்கவுண்டுக்கு கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தாங்க, 500 திர்ஹம் தாறேன்" என்று ஊர்க்காரரே வந்து கேட்பார். உண்டியல் காசு என்பார், கடைக் காசு என்பார். அது எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த காசாக இருந்தால், பொலிஸார் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். பணமோசடியில் சிறையும் உண்டு, நாடுகடத்தலும் உண்டு. ஒரே அறையில் தூங்குபவர் கேட்டாலும் அட்டை, இரகசிய இலக்கம், ஓ.டி.பி ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்றே சொல்வேன்.

சேமிப்பை இங்கே வைப்பதா, ஊருக்கு அனுப்புவதா? திர்ஹம் 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே திர்ஹமில் சேமிப்பது டொலரில் சேமிப்பது போன்றது. 2022 மார்ச்சுக்கு முன் சுமார் 55 ரூபாவாக இருந்த ஒரு திர்ஹம், மே மாதமளவில் 100 ரூபாவை நெருங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். குடும்பச் செலவுக்கு ரூபாவாகவும், மிச்சத்தை ஊர் வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவும் அனுப்பலாம். 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு, பழைய என்.ஆர்.எப்.சி கணக்கின் இடத்தில் இருப்பது அதுதான். அமானா வங்கி போன்றவற்றில் இதை வட்டியின்றி வைக்கலாம்.

கணக்கு இருப்பதை மனைவியிடம்கூடச் சொல்லாத சிலர் நம்மில் இருக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பவர் மௌத்தானால், தகவல் கிடைத்தவுடன் வங்கி அந்தக் கணக்கை முடக்கும். வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு என்று நீதிமன்ற ஆவணம் வரும் வரை ஒரு திர்ஹமும் வெளியே வராது. அதற்கு மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கொழும்பில் அத்தாட்சிப்படுத்தப்பட்டு வர வேண்டும். இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பாரம்! வங்கியின் பெயர், கணக்கிலக்கம், இருக்கும் கடன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். ஏ.டி.எம் இரகசிய இலக்கம் அதில் வேண்டாம்.

எமிரேட்ஸ் ஐடி காலாவதியானால் கணக்கும் முடங்கலாம், புதுப்பித்ததும் வங்கிக்கு அறிவியுங்கள். வங்கியோடு பிணக்கு வந்து அங்கே தீராவிட்டால், 2023இல் அமைக்கப்பட்ட சனதக் என்ற அமைப்பிடம் முறையிடலாம். நாடு திரும்புபவர்கள் வீசா ரத்தாகும் முன்பே கணக்கை மூட விண்ணப்பித்து, கடன் எதுவும் இல்லை என்ற கடிதத்தை முத்திரையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பாவிக்காத கடனட்டை ஒன்று கிடந்தால் அதையும் எழுத்தில் ரத்துச் செய்யுங்கள். வருடக் கட்டணம் ஏறிக் கடனாக நிற்பது, மறுபடி அமீரகம் வரும்போதுதான் தெரியவரும்.