மீயொலி அதிர்வியில் போல்ட்டை ஏன் அவ்வளவு இறுக்க வேண்டும்?

மீயொலித் தூய்மைத் தொட்டியின் அடியில் ஒட்டப்படும் அதிர்வியில், மின்னழுத்தம் மாறும்போது நீண்டு சுருங்கும் அழுத்தமின் பீங்கான் வளையங்கள் இரண்டு, கனமான எஃகுக் கட்டைக்கும் இலேசான அலுமினியக் கட்டைக்கும் நடுவே ஒரே போல்ட்டால் இறுக்கப்படுகின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைக் கண்டறிய முயன்ற பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின், குவார்ட்ஸை எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்ததே இவ்வடிவத்தின் மூலம்.

பீங்கான் அழுத்தத்தைத் தாங்குமளவுக்கு இழுப்பைத் தாங்காது. முன்கூட்டியே இறுக்கிவிட்டால், அதிரும் கட்டைகள் அதனைப் பிய்க்க முயலும் கணத்திலும் அது அழுத்தத்திலேயே இருப்பதால் விரிசல் விழுவதில்லை. நுட்பம் முழுவதும் இந்த இறுக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது எனலாம். அதிர்வியின் மொத்த நீளமோ, அரை அலைநீளம்: அலுமினியத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் செல்வதால், 40 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். தொட்டியில் நீரின்றி இயக்கினால் அதிர்வி சூடேறிப் பழுதாகும். வெறுந்தொட்டியை ஒருபோதும் இயக்கலாகாது.