கழுத்து வணங்கும் விதம்



வணங்காக் கழுத்தைப்பற்றி ஆலயங்களில் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கழுத்து எப்படி வணங்குகிறது என்பதையோ நமது பிசியோதெரபி அறையில்தான் கற்றுக்கொண்டேன். நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் சுமந்து பழகிய அனந்தபுரம், செஞ்சிப் பக்கத்து ஜனங்களில் கழுத்துவலிக்காரர் அநேகர். "சலூனில் ஒருதரம் நெட்டி எடுத்தால் போதும் ஐயா" என்பார்கள். போதாது, ஆபத்தும்கூட. காரணத்தைக் கேளுங்கள்.

ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை 7 சிறிய முள்ளெலும்புகள் தாங்குகின்றன. அவை எல்லாம் ஒரேவிதமாய் அசைகிறதில்லை. மண்டையோடு முதல் எலும்பின்மேல் உட்காரும் இடத்தில் "ஆம்" என்று தலையசைக்கிறோம். அதற்கு அடுத்த மூட்டில் "இல்லை" என்கிறோம். முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவதிலிருந்து ஒரு முளை எழும்பி அவ்வளையத்துக்குள் நிற்கிறது. நம் பாட்டிமார் உளுந்து உடைத்த திருகைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நடு முளையைச் சுற்றி மேல்கல் சுழலுமே, அப்படித்தான். தலையைப் பக்கவாட்டில் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது! கீழுள்ள மூட்டுகளோ கூரை ஓடுகள்போல் சரிவாய் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஆகவே தலையைத் தோள்பக்கம் சாய்த்தால், அவை தாமாகவே அப்பக்கம் சற்றுத் திரும்பும்.

இதனால் சிகிச்சையாளர் முதலில் எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று தேடுகிறார். படுக்கவைத்து, விரல்நுனியால் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்து, இறுகிய மூட்டை மட்டும் மெதுவாய், திரும்பத் திரும்ப அசைத்துக் கொடுக்கிறார். "போதும்" என்றால் கையை எடுத்துவிடுவார். பிறகு வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி. அதைச் செய்யாதவர்களுக்குப் பலன் நிலைக்காது.

சடாரென்று திருகுவது வேறு. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள், இந்த எலும்புகளின் பக்கத்துளைகளில் நூல் கோர்த்தாற்போல் ஏறி, முதல் எலும்பின்மேல் வளைந்து செல்கின்றன. அதாவது, திருகைபோல் சுழலும் அதே இடத்தில். அங்கே குழாயின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கிறது. அழகு நிலையத்தில் தலைகழுவக் கழுத்தைப் பின்னால் மடக்கியதால் வந்த பக்கவாதத்தை 1993-ல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வெயின்டிராப் எழுதினார். 2022-ல் ஹைதராபாத்தில் ஒரு பெண்ணுக்கும் அப்படியே நேர்ந்தது. "படக்" என்ற சத்தத்தை எலும்பு இடத்தில் உட்கார்ந்ததாக நம்புகிறார்கள். அது மூட்டுக்குள் உள்ள நீரில் வாயுக்குழி உண்டாகும் சத்தமே.

கழுத்தைத் திருகியபின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், இதுவரை கண்டிராத கழுத்துவலி ஆகியவற்றில் எது வந்தாலும் எண்ணெய் தேய்த்துக் காத்திராதேயுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும்.